முந்நூறு கிலோ கொசுறு

நவம்பர் 4

உனக்கு,

ஃபோனில் கத்தினேன் என்பதற்காக ஒரு மாதமாக ஃபோனையே எடுக்காமல் இருக்கிறாய். "சொல்ல வேண்டியத எழுதி அனுப்பு, எழுத்துக் கூட்டுற நேரத்துலயாவது கோபம் ஆறும்" என்றாய். ஆறவில்லை. பேனா காகிதத்தைக் கிழிக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். புருஷனும் பெண்டாட்டியும் ஒரே விமானக் கம்பெனி. உன் ஊர் விமான நிலையத்திலிருந்து என் ஊர் விமான நிலையத்துக்குத் தினமும் காலையில் விமானம், ஒரு மணி நாற்பது நிமிடம். நாமோ ராஜா காலத்து ஆட்கள் மாதிரி ஆள் பிடித்துக் கடிதம் கொடுத்து அனுப்பிக்கொண்டிருக்கிறோம். சரி, அது உன் சட்டம், போகட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் கடிதங்களை ஏன் அந்தக் கேப்டனிடமே கொடுத்து அனுப்புகிறாய்? எல்லாரும் 'நிதானம்' என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார்களே, அவரைத்தான் சொல்கிறேன். வெள்ளித் தலைமுடி, கசங்காத சட்டை, படியில் இறங்கும்போதே கல்யாண மாப்பிள்ளை நடை. நான் சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டுக் கிரீஸ் கையோடு நிற்பேன். சட்டைப் பையிலிருந்து உன் கவரை எடுத்து நீட்டுவார். போன வாரம் "உங்க வீட்டம்மா கையெழுத்து முத்து முத்தா இருக்கு சார்" என்று சர்டிபிகேட் வேறு. கவர் கதகதப்பாக இருக்கிறது. ஒரு மணி நாற்பது நிமிடம் அவர் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு வந்த சூடு. சொந்தப் பெண்டாட்டியின் கடிதத்தை நான் ஆற வைத்துப் படிக்கிறேன்.

இதெல்லாம் அற்ப விஷயம் என்பாய். இரு, அடுத்ததைக் கேள்.

விமானம் வந்து நின்றதும் டேங்கில் மிச்சம் எவ்வளவு என்று பார்த்துக் குறிப்பது என் வேலை. மற்றக் கேப்டன்கள் வரும் நாளில் நீ அளந்து கொடுத்தது அளந்தபடி மிஞ்சுகிறது. நிதானம் வரும் நாளில் மட்டும் முந்நூறு கிலோ கூட இருக்கிறது. ஒரு நாள் என்றால் காற்று தள்ளிவிட்டது என்று விட்டுவிடுவேன். மூன்று வாரமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறேன். முந்நூறு கிலோ இருந்தால் அந்தச் சின்ன விசிறி விமானம் அரை மணி நேரம் வானத்தில் சும்மா சுற்றலாம் என்பது உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். எல்லாருக்கும் தராசு பிடித்து அளக்கிறவள், அந்த ஒரு மனுஷனுக்கு மட்டும் ஏன் கொசுறு போடுகிறாய்?

பதில் எழுது. பூசி மெழுகாமல் எழுது.

இப்படிக்கு,
கவர் ஆறுகிற வரை காத்திருக்கிறவன்


நவம்பர் 6

மெக்கானிக் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. என் வேலை என்ன என்பது உங்களுக்கு மறந்துவிட்டது போலிருக்கிறது, நினைவுபடுத்துகிறேன். ஜன்னல் இல்லாத அறையில், ஏசி குளிருக்கு ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு, நான்கு திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். உங்கள் ஊர் வரைக்கும் எதிர்க்காற்றா பின்காற்றா, எந்த வழி, எந்த உயரம், எத்தனை நிமிடம், எவ்வளவு எரிபொருள் என்று ஒவ்வொரு விமானத்துக்கும் எழுதிக் கொடுக்கிறேன். அறுநூற்று நாற்பது கிலோமீட்டர் தூரம் மாறுவதில்லை. நேரம் காற்றைப் பார்த்து மாறும், எரிபொருளும் அதைப் பார்த்து மாறும். கூட்டிப் போட எத்தனையோ காரணம் இருக்கும். உங்கள் ஊரில் இந்த மாதம் முழுக்கக் காலை மூடுபனி என்பது அதில் ஒன்று. மிச்சக் காரணங்களை, கையில் ஸ்பேனரை வைத்துக்கொண்டு விசாரணை நடத்துகிறவரிடம் சொல்வதாக இல்லை. உங்கள் வயிறு எரிவதற்கு நான் எரிபொருள் ஊற்ற முடியாது. ஏற்கெனவே நிரம்பி வழிகிறது.

நிதானம் கேப்டனிடம் ஏன் கொடுக்கிறேன்? முன்பு ஒரு பணிப்பெண்ணிடம் கொடுத்தேன். அவள் அதை ஏதோ ஒரு சீட்டின் பையில் வைத்து மறந்துபோய், பெருக்குகிறவர் கையில் கிடைத்து, ஊர் சுற்றித் திரும்ப என்னிடமே வந்தது. அதில் நான் எழுதியிருந்ததை நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது. அந்த மனுஷர் எதையும் மறக்க மாட்டார், பிரித்துப் பார்க்க மாட்டார். உங்கள் அப்பா இருந்திருந்தால் அவர் வயதுதான்.

ஆனால் இந்தக் கடிதம் அவரிடம் வராது. அவருக்கு இன்று ஓய்வு. புதுக் கேப்டனிடம் கொடுக்கிறேன். இருபத்தெட்டு வயது, பார்க்க லட்சணமாக இருப்பார், இன்னும் கல்யாணம் ஆகவில்லை. சந்தேகத்துக்கு நல்ல இடம். வசதியாக உட்கார்ந்து யோசித்துக்கொள்ளுங்கள்.

அத்தையிடம் உங்கள் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். நீங்கள் கோபித்துக்கொண்டாலும் சரி, இந்த வீட்டில் நானும் உங்கள் அம்மாவும்தான் இருக்கிறோம், நான் வேறு யாரிடம் சொல்வேன். அத்தை வெங்காயம் உரித்துக்கொண்டே, "சின்ன வயசுல அவன் தம்பிக்கு ஒரு கரண்டி கூடப் போட்டா ரெண்டு தட்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுக் குனிஞ்சு பாப்பான். அவன் கண்ணுல படற மாதிரி எதையும் அளக்காதம்மா" என்றார்.

இப்போது நான் கேட்கிறேன். நிதானம் கேப்டன் யதார்த்தமாக ஒரு விஷயம் சொன்னார். அங்கே சரக்குப் பிரிவில் இருக்கிற பெண் உங்கள் சட்டைக்குப் பித்தான் தைத்துக் கொடுத்தாளாமே. "நல்ல பொண்ணும்மா, எல்லாருக்கும் ஒத்தாசை" என்றார். சந்தோஷம். தைக்கும்போது சட்டையைக் கழற்றிக் கொடுத்தீர்களா, அல்லது சட்டை உங்கள் மேலேயே இருந்ததா? பூசி மெழுகாமல் எழுதவும்.

இன்னொன்று. தலைமை அலுவலகத்தில் என்னைக் கூப்பிட்டு ஒரு வேலை சொன்னார்கள். வெளிநாடு, பெரிய விமான நிலையம், இங்கிருந்து ஒன்பது மணி நேரப் பயணம். இரண்டு வருடம். குடும்பத்தோடு போகலாம், வீடு தருவார்கள். இருபத்தைந்தாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை.


நவம்பர் 7

உனக்கு,

கடிதம் முழுக்க 'நீங்கள்'. அம்மா முன்னாலும் மேனேஜர் முன்னாலும்தான் நீ என்னை நீங்கள் என்பாய், தனியாக இருந்தால் 'டேய்' கூட வரும். இந்த 'நீங்கள்' ஒவ்வொன்றும் கதவைச் சாத்துகிற சத்தம் போலக் கேட்கிறது.

உன் லட்சணமான கேப்டனிடமிருந்து கவரை வாங்கினதும் விமானத்தைக்கூடப் பார்க்காமல் ஓரமாகப் போய்ப் பிரித்துவிட்டேன். அன்றைக்கு டேங்க்கைப் பார்த்துக் குறித்ததெல்லாம் கூட வேலை செய்கிறவன்தான்.

பித்தான் விஷயம். சட்டை என் மேல்தான் இருந்தது. இன்ஜின் மூடியில் மாட்டித் தெறித்துவிட்டது, அடுத்த விமானம் இறங்கிக்கொண்டிருந்தது, கழற்ற நேரமில்லை. நூலைப் பல்லால் கடித்தாளா என்று அடுத்துக் கேட்பாய். கத்தரிக்கோலால் வெட்டினாள். போதுமா? இதைப் போய் உன்னிடம் சொல்லியிருக்கிறார் உன் கேப்டன். ஒட்டுக் கேட்பது, எட்டிப் பார்ப்பது, எல்லா வேலையும் அவருக்கே.

நீயோ என் கேள்விக்கு இன்னும் நேர்ப்பதில் சொல்லவில்லை. மூடுபனி எல்லாக் கேப்டனுக்கும் மூடுபனிதானே, ஆளைப் பார்த்தா விழுகிறது?

ஒன்பது மணி நேரமா? என்ன கேட்டாலும் யோசிக்காமல் 'முடியாது' என்கிறவள், இதற்கு மட்டும் இன்னும் எதுவும் சொல்லவில்லை என்கிறாய். அப்படியென்றால் போக மனசு இருக்கிறது. அங்கே பெரிய பெரிய விமானங்கள், விதம்விதமான கேப்டன்கள். ஒவ்வொருத்தருக்கும் எவ்வளவு கொசுறு போடுவாய் என்று எண்ணிப் பார்க்க அங்கே நான் இருக்க மாட்டேன். குடும்பத்தோடு போகலாம் என்று எழுதியிருக்கிறாய், 'வருகிறாயா' என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. போவதென்றால் போ. தடுக்க நான் யார்.

இங்கே வேறு புதுசாக ஒன்றுமில்லை. கம்பெனிச் செலவைக் குறைக்க மேலிடத்திலிருந்து ஒருவர் வந்திருக்கிறார். டீ குடிக்கிற காகிதக் கப்பைக்கூட எண்ணுகிறார், வந்த அன்றைக்கே 'சிக்கனம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். நல்ல மனுஷர். அரை மணி நேரம் என்னோடு உட்கார்ந்து என் வேலையைப் பற்றிக் கேட்டார். என் வேலையைப் பற்றிக் கேட்க ஒருவராவது இருக்கிறாரே.


நவம்பர் 12

நேற்று மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். மேசை மேல் ஒரு சுற்றறிக்கை. காலை விமானத்தில் தேவைக்கு மேல் எரிபொருள் ஏற்றப்படுகிறதாம், அந்தக் கனத்தைத் தூக்கிக்கொண்டு பறக்கவே தனியாக எரிபொருள் செலவாகிறதாம். இனிமேல் கணினி சொல்லும் அளவுக்கு மேல் ஒரு கிலோ போட்டாலும் எழுத்தில் காரணம் கொடுக்க வேண்டுமாம். 'விமானம் சென்று சேரும் நிலையத்தின் பராமரிப்புப் பிரிவிலிருந்து கிடைத்த தகவலின்படி' என்று ஆரம்பிக்கிறது.

உங்கள் பராமரிப்புப் பிரிவில் இரண்டே பேர். ஒருவர் நீங்கள். இன்னொருவர் என்னைப் பார்த்ததே இல்லை.

"ஏம்மா கூடப் போட்டே?" என்று மேனேஜர் கேட்டார். மூடுபனி என்றேன். "அப்படின்னா ஏன் எல்லா நாளும் போடல?" என்றார். நீங்கள் கேட்ட அதே கேள்வி. பதினோரு வருட வேலையில் முதல்முறையாகப் பதில் தெரிந்தும் தலை குனிந்து நின்றேன்.

காலை விமானத்தை என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள். 'அச்சு' என்று ஒரு பையன் இருக்கிறான், கணினி துப்புவதை அப்படியே அச்செடுத்து நீட்டுவான். இனி அவன்தான்.

வேறெதுவும் எழுத வரவில்லை.


நவம்பர் 14

என் தங்கமே,

கோபத்தில் கிழித்துவிடாதே, கடைசி வரைக்கும் படி.

நான்தான் சொன்னேன். சிக்கனம் டீயை உறிஞ்சிக்கொண்டே "எங்கயாவது வீணாகுதா தம்பி?" என்று கேட்டார். "காலை ஃப்ளைட்ட ஒரு தடவை பாருங்க சார்" என்றேன். அந்த ஒரு வாக்கியம்தான். சத்தியமாக உன்னை மாட்டிவிட நினைக்கவில்லை. நிதானத்துக்கு ஒரு குட்டு விழட்டும், மேலேயிருந்து யாராவது 'ஏன் கூட' என்று கேட்கட்டும், எனக்குச் சொல்லாததை அவர்களுக்காவது நீ சொல்வாய் என்று நினைத்தேன். புத்தி போன போக்கைப் பார்.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். நான் சொன்னது சரிதான் என்று எனக்கே நிரூபித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது, அதையும் மறைக்கவில்லை. ஆபீஸுக்குப் போய் டேங்க் மிச்சம் குறிக்கிற தாள்களைப் புரட்டினேன். ஆறாம் தேதி உன் லட்சணமான கேப்டன் வந்த நாள். நான் பார்க்காத நாள். முந்நூறு கிலோ கூட. எட்டாம் தேதியும் ஒன்பதாம் தேதியும் நிதானம் வந்தார், கடிதம் இல்லை. அளந்தது அளந்தபடி, ஒரு சொட்டு கூட இல்லை. குறித்தது நானேதான், என் கடிதத்துக்குப் பயந்து நிறுத்திவிட்டாய் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

தாளை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எரிபொருள் கேப்டனோடு வரவில்லை. உன் கடிதத்தோடு வந்திருக்கிறது.

பனி விழுந்து ஓடுபாதை தெரியாவிட்டால், உன் கடிதம் வருகிற விமானம் அரை மணி மேலேயே நின்று காத்திருந்தாவது என் ஊரில் இறங்க வேண்டும் என்று போட்டாயா? எனக்கா? அந்தக் கொசுறு எனக்கா? மூன்று வாரமாக ராத்திரி பகல் பார்க்காமல் நான் வயிறு எரிந்தது என்னைப் பார்த்தா? சிரிப்பும் வருகிறது, தலையில் அடித்துக்கொள்ளவும் தோன்றுகிறது. கூட வேலை செய்கிறவன் "என்னண்ணே, ஆடிட்டுல மாட்டிட்டீங்களா?" என்றான். "ஆமாண்டா" என்றேன்.

ஏன் சொல்லவில்லை? முதல் கடிதத்திலேயே 'டேய் முட்டாள், உனக்குத்தான்' என்று ஒரு வரி எழுதியிருந்தால் இவ்வளவும் நடந்திருக்குமா? உன்னைக் குற்றம் சொல்லவில்லை. கேட்கிறேன்.

நானே கிளம்பி வந்திருப்பேன். இரண்டு பேரில் ஒருவனுக்கு லீவு கிடையாது என்கிறார்கள். நீ வா. அந்த வெளிநாட்டு வேலைக்கு எதுவும் சொல்லிவிடாதே. வந்து என்னைத் திட்டிவிட்டுப் பிறகு சொல்.


நவம்பர் 19

உனக்கு,

ஐந்து நாள் உன் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன். அத்தை மெத்தை உறை மாற்றும்போது பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி அங்கேயே திரும்ப வைத்தார்.

ஏன் சொல்லவில்லை என்கிறாய். நீ கேட்ட விதம் அப்படி. 'யாருக்கு' என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். 'அவனுக்கு ஏன்' என்று கேட்டாய். வரவே வராத ஒருவனைக் கொண்டுவந்து நடுவில் உட்காரவைத்துவிட்டு, அவன் இல்லை என்று என்னை நிரூபிக்கச் சொன்னாய். அதற்கு என் வாய் திறக்காது.

போன மாதம் நீ ஃபோனில் கத்தினது எதற்கு என்று நினைவிருக்கிறதா? "ஒரு வாரமா ஒரு வரி எழுத உனக்கு நேரமில்ல, அங்க யாரோட பேசிட்டிருக்கே?" என்று. ஃபோனில் பேசினாலும் வாரத்துக்கு ஒரு கடிதம் எழுதுவோமே, அந்த வாரமும் நான் எழுதியிருந்தேன். அந்த விமானம் உன் ஊர்ப் பனியில் இறங்க முடியாமல் வேறு ஊருக்குப் போய், கடிதம் அங்கேயே தங்கிவிட்டது. நான் சொல்லச் சொல்ல நீ நம்பவில்லை. அதற்குப் பிறகுதான் கூடப் போட ஆரம்பித்தேன். விதிப்படி தப்பு இல்லை, பனிக்காலத்தில் கொஞ்சம் கூடப் போட எனக்கு உரிமை உண்டு. ஆனால் எந்த நாளில் போட்டேன் என்பதைக் கேட்டால் சொல்ல வெட்கமாக இருந்தது. வேலை இடத்தில் இப்படி ஒரு காரியத்தை நான் வேறு யாருக்காகவும் செய்ததில்லை.

இப்போது கேள். இருபத்து நான்காம் தேதி காலை விமானத்தில் வருகிறேன். ஊழியர் டிக்கெட்தான், காசு கொடுத்த பயணி யாராவது கேட்டால் எழுந்துகொள்ள வேண்டும். ஆனால் அன்றைக்கு ஒரு இடம் காலி என்று சொல்லியிருக்கிறார்கள். நிதானம் கேப்டன்தான் ஓட்டுகிறார், மறுபடியும் ஆரம்பித்துவிடாதே.

உன்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும். ஃபோனிலும் இல்லை, கடிதத்திலும் இல்லை. உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு கேட்க வேண்டும். நீ சொல்லும் பதிலைப் பார்த்துவிட்டு மறுநாள் காலை அலுவலகத்தில் என் பதிலைச் சொல்லுவேன். உன் பதில் எனக்குத் திருப்தியாக இருந்தால் எங்கேயும் போக மாட்டேன்.

அந்தப் பித்தான் பெண்ணையும் பார்க்க வேண்டும். சும்மா பார்க்கத்தான். எத்தனை வயது என்று நீ எழுதவே இல்லை, நானும் கேட்கவில்லை, இப்போது கேட்கிறேன்.


நவம்பர் 24

கண்ணே,

விடிகிறதற்கு முன்னாலேயே சவரம் செய்துகொண்டு வந்து நின்றேன். சட்டைப் பித்தான் எல்லாம் இருக்கிறதா என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்துக்கொண்டேன். அந்தப் பெண்ணுக்கு நாற்பத்தாறு வயது, உன் கேள்விக்குப் பதில்.

பனி என்றால் அப்படி ஒரு பனி. ஓடுபாதையின் முதல் விளக்கு தெரிந்தது, இரண்டாவது தெரியவில்லை. உன் விமானத்தின் சத்தம் கேட்டது. அந்த விசிறிச் சத்தத்தை நான் தூக்கத்தில்கூட அடையாளம் சொல்வேன். தலைக்கு மேலே வந்தது, அந்தப் பக்கம் போனது, திரும்ப வந்தது. கையை மேலே காட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன், யாருக்குத் தெரியும் என்று. கூட வேலை செய்கிறவன் சொல்லித்தான் கையை இறக்கினேன். சரக்குப் பிரிவு அக்கா டீ கொண்டுவந்து நீட்டினார். வாங்கவில்லை என்று எழுதினால் பொய். வாங்கினேன், குடிக்கவில்லை.

இன்னொரு சுற்று சுற்றும், இன்னொரு சுற்று சுற்றும் என்று காது கொடுத்துக்கொண்டே இருந்தேன். சத்தம் சின்னதாகிக்கொண்டே போய் நின்றுவிட்டது.

அதற்கப்புறம் பத்துப் பதினைந்து நிமிடம் இருக்கும். வெயில் வந்தது. ஓடுபாதையின் கடைசி விளக்கு வரைக்கும் பளிச்சென்று தெரிந்தது. முந்நூறு கிலோ. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் அந்த முந்நூறு கிலோ உன் விமானத்தில் இருந்திருக்கும்.

மதியம் அதே விமானம் வந்தது. படியின் கீழேயே நின்றேன். ஒவ்வொருவராக இறங்கினார்கள், கடைசி ஆள் வரைக்கும் பார்த்தேன். நிதானம் இறங்கி என் பக்கத்தில் வந்து, "மாத்து ஊர்ல எறங்கினோம் சார். அங்க பயணிங்க நெறைய பேர் காத்திருந்தாங்க. உங்க வீட்டம்மாவுது ஸ்டாஃப் டிக்கெட்டு, எறங்கச் சொல்லிட்டாங்க. நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன்" என்றார். என் தோளைத் தட்டிக் கொடுத்தார். அப்போதும் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? என் ஊருக்கு மேலே சுற்றின அந்த நேரத்தில் நீ அவர் முதுகுக்குப் பின்னால் பத்தடியில் உட்கார்ந்திருந்தாய், நான் கீழே பனியில் நின்றிருந்தேன் என்று. இன்றைக்கும் அவர் மேல் பொறாமைதான். திருந்தாத ஜென்மம் நான்.

கேள்வி என்னவென்று எழுது. ஃபோனில் கேள். ஆள் விட்டுக் கேள். எப்படிக் கேட்டாலும் உனக்குத் திருப்தியாகிற பதிலை நான் சொல்வேன். சத்தியமாகச் சொல்வேன்.


நவம்பர் 25

உனக்கு,

உன் கடிதம் இன்று வந்தது. நான் அலுவலகத்தில் பதில் எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்த பிறகு வந்தது. முன்னாலேயே வந்திருந்தால் மாற்றியிருப்பேனா என்று எனக்குத் தெரியவில்லை.

நேற்று ஏழாவது வரிசையில் ஜன்னலோரம் கிடைத்தது. கிளம்புவதற்கு முன்னால் நிதானம் கேப்டன் என்னிடம் வந்து, "கொஞ்சம் கூடக் கேட்டேம்மா. காரணம் எழுதிக் குடுங்கன்றாங்க. எட்டு மணிக்குப் பனி விலகிடும்னு வானிலை ரிப்போர்ட் இருக்கே, அப்புறம் என்ன காரணம்னு அந்தப் பையன் கேக்கறான்" என்றார். பரவாயில்லை கேப்டன் என்றேன். அந்தக் கணக்கு எனக்கு மனப்பாடம். ஆபத்து ஒன்றும் கிடையாது. உன் ஊருக்கு வர எரிபொருள் இருந்தது. முடியாவிட்டால் வேறு ஊருக்குப் போக இருந்தது. அதற்கு மேல், எதற்காகவும் தொடக் கூடாது என்று விதி வைத்திருக்கிற மிச்சமும் இருந்தது. காத்திருக்க மட்டும் இல்லை.

முதல் சுற்றில் பக்கத்து சீட்டுக்காரர் "எறங்கப் போறமா?" என்று கேட்டார். "இல்லீங்க, பாத்துட்டிருக்காங்க" என்றேன். மற்றவர்களுக்கு அறிவிப்பு வந்த பிறகுதான் திரும்பிப் போகிறோம் என்று தெரிந்தது. எனக்கு இறக்கை சாய்ந்ததுமே தெரிந்துவிட்டது. கீழே வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை. அதற்கு அடியில் நீ நிற்கிறாய் என்று தெரியும். அந்த நிமிடத்தில் உன் ஊர்த் தரையில் நின்ற எல்லார் மேலும் எனக்குப் பொறாமையாக இருந்தது. யார் யார் என்று இன்று உன் கடிதத்தில்தான் தெரிந்தது, உனக்கு டீ நீட்டினவர் மேல், உன் கையை இறக்கச் சொன்னவன் மேல். அவர்களுக்கு ஒரு டிக்கெட்டும் வேண்டாம், வானிலை ரிப்போர்ட்டும் வேண்டாம், சும்மா பக்கத்தில் நின்றால் போதும். நீ மூன்று வாரம் எப்படி இருந்தாய் என்பது எனக்கு அப்போது புரிந்தது. எனக்கு அதைச் சொல்லத் தோன்றியது, சொல்லிவிட்டேன்.

மாற்று ஊரில் என்னை இறங்கச் சொன்னபோது சண்டை போடவில்லை. அங்கே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்துவிட்டு, கிடைத்த விமானத்தில் வீட்டுக்குத் திரும்பினேன்.

நேரில் கேட்க வந்த கேள்வி இதுதான். இனி முகத்தைப் பார்க்க வழியில்லை, எழுதியே கேட்கிறேன். டேங்கில் முந்நூறு கிலோ கூட இருக்கிறது என்று முதல் நாள் பார்த்தாயே, அது யாருக்கு என்று யோசித்தாயே. வெள்ளி முடிக்காரர் நினைவுக்கு வந்தார். வேறு யாரெல்லாமோ வந்திருப்பார்கள். உன் நினைவுக்கு நீ ஏன் வரவில்லை? என் புருஷனுக்குத்தான் போட்டிருப்பாள் என்று ஒரு நாளாவது, ஒரு நிமிடமாவது தோன்றாத அளவுக்கு உனக்கு நான் என்ன குறை வைத்தேன்?

எனக்குத் திருப்தியாகிற பதிலைச் சொல்வேன் என்று எழுதியிருக்கிறாய். அப்படிச் சொல்லிவிடுவாய் என்றுதான் நேரில் பார்த்துக் கேட்க நினைத்தேன்.

அந்த வேலைக்குச் சரி என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அடுத்த மாதம் கிளம்புகிறேன். அத்தையிடம் "உங்கள உங்க பையன்கிட்ட விட்டுட்டுப் போறேன்" என்று சொன்னேன். "அவன்கிட்ட எதுக்கு? நான் ஒரு வாய் கூடச் சாப்பிட்டா அதையும் குனிஞ்சு பாப்பான். ஒன்கூட வரேன்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், பிறகு சமையலறைக்குள் போய் வெகுநேரம் வெளியே வரவில்லை.

குடும்பத்தோடு போகலாம் என்று அன்றைக்கு எழுதினேன், வருகிறாயா என்று கேட்கவில்லை என்றாய். இப்போதும் கேட்கப் போவதில்லை. அந்த ஊருக்கும் உன் ஊருக்கும் நேர் விமானம் கிடையாது, நடுவில் இரண்டு இடத்தில் இறங்கி மாறி ஏற வேண்டும். எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம், எங்கே எத்தனை மணி காத்திருக்க வேண்டும் என்று நான் பார்த்து வைக்கவில்லை. இந்த ஒரு வழியை நீயே போட்டுக்கொள்.